கொடுக்கவும் இல்லை, காக்கவும் இல்லை

பழைய கார் ஒன்றை ஓட்டாமலும் பழுது பார்க்காமலும் வீட்டோரம் நிறுத்தி வைத்துவிட்டு, கேட்டு வருகிறவர்களுக்கும் கொடுக்க மறுப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "விக்கிறதா இல்லைங்க, ரெடி பண்ணணும்." பத்து ஆண்டு கழித்துப் போனாலும் அதே பதில். இருபது ஆண்டு கழித்துப் போனால் பதில் அப்படியே இருக்கும். காரின் அடிப்பாகம் இருக்காது. சட்டப்படி இதில் குற்றம் எதுவும் இல்லை. அறத்தின்படி உண்டா என்பதே ஆராய வேண்டியது.

பணம் சேரச் சேர, ஒரு வருடம் எஞ்சின், அடுத்த வருடம் டிங்கரிங் என்று மெல்ல மெல்ல வேலை பார்ப்பவர்கள் இந்தக் கேள்விக்குள் வரமாட்டார்கள். ஓட்டாவிட்டாலும் கூரைக்குக் கீழே நிறுத்தி, மாதம் ஒரு முறை எஞ்சினை எழுப்பிப் பார்ப்பவர்களும் வரமாட்டார்கள். செய்வதும் இல்லை, செய்ய விடுவதும் இல்லை என்ற நிலையில் இருப்பவர்களைப் பற்றியதுதான் இது.

சென்னையில் பிறந்த ஒரு காரை வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்ட். உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. இங்கிலாந்தில் அந்தக் கார் கடைசி வரை இரண்டு கதவுகளோடுதான் வந்தது. நான்கு கதவு ஹெரால்டைச் செய்து விற்றது சென்னை மட்டுமே. ஆகவே நான்கு கதவு ஹெரால்ட் ஒன்று அழிந்தால், அதற்கு ஈடாக வேறு எந்த நாட்டிலிருந்தும் ஒன்றை வரவழைக்க வழியில்லை.

அப்படிப்பட்ட கார் ஒன்று காம்பவுண்டு சுவரோரம் முருங்கை மரத்தடியில் நிற்பதைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நான்கு டயரும் காற்றிறங்கிப் பிதுங்கியிருக்கும். முருங்கை இலையும் பூவும் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சேர்ந்து மக்கி, கறுப்பு மண்ணாக இறுகிக் கிடக்கும். மழைநீர் வடிவதற்கான துளைகளை முதலில் அடைப்பது அந்த மண்தான். கதவின் கீழ் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் பெயின்ட் அப்பளமாக நொறுங்கி, உள்ளிருந்து செந்தூள் கொட்டும். ரெக்சின் கிழிந்த சீட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கும். ஸ்டியரிங்கில் மட்டும், அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஒரு கை தினமும் பிடித்த இடம், இன்னும் வழவழவென்று இருக்கும்.

நிற்கிற கார் தேயாது என்பது பலருடைய நம்பிக்கை. அது உண்மையல்ல. தொட்டியில் நிற்கும் பெட்ரோல் கெட்டுப் பிசினாகி கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு சிலிண்டர்களை உள்ளிருந்தே அரிக்கிறது. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிக்கொள்ளும்போது, மெக்கானிக்குகள் 'எஞ்சின் ஜாம்' என்று சொல்லும் நிலை வருகிறது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இதையெல்லாம் விரைவுபடுத்துகிறது. ஹெரால்டுக்குத் தனிச் சட்டகம் உண்டு. அதன்மேல் பாடி போல்ட்டால் பொருத்தப்பட்டது. அதனால் வெளித்தகடு போனாலும் ஓரளவு மீட்கலாம். அம்பாசடருக்கு அப்படித் தனிச் சட்டகம் கிடையாது. பாடியே பாரத்தைத் தாங்குகிறது. அடித்தளம் அரித்துப்போன அம்பாசடரில் மாற்றுவதற்கென்று ஒரு பாகம் இல்லை, காரே போய்விட்டது என்றுதான் பொருள். அதாவது, 'இந்த வருடம் வேண்டாம்' என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் காரின் தலையெழுத்தில் ஒரு வரியை முடிவு செய்துவிடுகிறது. செலவு வருடத்துக்கு வருடம் ஏற, உடையவரின் வயதும் ஏறுகிறது. ஐம்பது வயதில் முடியாதது எழுபதில் முடிவது அரிது.

இவர்களை 'வைக்கோற்போர் நாய்' என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்ற பழமொழி பொறாமையைப் பற்றியது. காரைக் கொடுக்க மறுப்பவரிடம் இருப்பது பெரும்பாலும் பொறாமை அல்ல. அப்பா ஓட்டிய வண்டி. அவர் போனபின் அந்த வண்டியையும் அனுப்பினால் அவரை இரண்டாம் முறை அனுப்பியது போலாகும் என்ற துக்கம் சிலரிடம் இருக்கிறது. வேறு சிலருக்குச் சிக்கல் காகிதத்தில்: ஆர்.சி. புத்தகம் தாத்தா பெயரில் இருக்கும், பாகப்பிரிவினை முடிந்திருக்காது, நான்கு பேர் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும், அந்த நான்கு பேரும் பேசிக்கொள்வதில்லை. இன்னும் சிலருக்கு அந்தக் கார்தான் எதிர்காலம் என்று மிஞ்சியிருக்கும் ஒரே பொருள். ரிட்டயர் ஆனபின் அதைச் சரிசெய்து குடும்பத்தோடு ஓட்டும் நாளை அவர்கள் மனத்தில் எத்தனையோ முறை வாழ்ந்து பார்த்திருக்கிறார்கள். விற்றால் போவது இரும்பு மட்டுமல்ல, அந்த நாளும்தான். கேட்க வருகிறவர்கள் இதை உணர்வதே இல்லை.

தன் கையில் இருக்கும் பொருளுக்கு மனிதர் கூடுதல் மதிப்பு வைப்பது ஆய்விலும் தெரிந்த ஒன்றுதான். கானமன், நெட்ச், தேலர் ஆகிய மூவர் 1990இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு காபிக் கோப்பையைக் கையில் பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கோப்பை இல்லாதவர்கள் கொடுக்க முன்வந்த விலையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. சற்றுமுன் கைக்கு வந்த கோப்பைக்கே அப்படி என்றால், பள்ளிக்கு ஏற்றிச் சென்ற காருக்குச் சந்தை விலை சிறுமையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் காரணம் புரிவது வேறு, செயல் சரியாவது வேறு. 'என் பொருள், என் இஷ்டம்' என்ற வாதம் எவ்வளவு தூரம் செல்லும்? உடைமை உரிமையின் பெரிய வழக்கறிஞரான ஜான் லாக், 1689இல் வெளிவந்த அரசியல் நூலில், அந்த உரிமைக்கே ஓர் எல்லை வைத்தார்: கெட்டுப்போவதற்குள் எவ்வளவைப் பயன்படுத்த முடியுமோ அவ்வளவே ஒருவனுடையது, அதற்குமேல் எடுத்து அழுகவிட்டால் அது பிறர் பங்கு. அவர் பேசியது பொதுவில் கிடந்த கனியையும் இறைச்சியையும் பற்றி. காசு கொடுத்து வாங்கிய காருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. திருக்குறளின் 101ஆம் அதிகாரமான 'நன்றியில் செல்வம்' தானும் துய்க்காமல் பிறர்க்கும் கொடுக்காமல் கிடக்கும் செல்வத்தைப் பற்றியது. அது இன்னும் நெருங்கி வருகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பொன்னைப் புதைத்து வைத்தால் நூறு ஆண்டு கழித்துத் தோண்டுகிறவனுக்காவது அது பொன்னாகவே கிடைக்கும். இரும்பு காத்திருப்பதில்லை.

கலைப்பொருள் விஷயத்தில் உலகம் இந்த எல்லையை ஓரளவு ஒப்புக்கொண்டுவிட்டது. புதுடெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டுச் சிதைய விட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல், எஞ்சிய பாகங்களைக் கலைஞரிடமே திருப்பித் தரவும் இழப்பீடு தரவும் அரசுக்கு உத்தரவிட்டது. சொந்தக்காரர் என்பதாலேயே எதையும் செய்துவிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்த காருக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. ஆனால் அதன் பின்னால் உள்ள உணர்வு பொருந்தும். ஜப்பானியத் தொழிலதிபர் ரியோயி சைத்தோ 1990இல் வான்கோவின் 'டாக்டர் காஷே' ஓவியத்தை 8.25 கோடி டாலருக்கு வாங்கியவர். தான் இறக்கும்போது ஓவியத்தையும் தன்னோடு எரிக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் உலகமே கொதித்தது. ஓவியத்தின் மேல் உள்ள அன்பால் அப்படிச் சொன்னதாகப் பிறகு விளக்கம் வந்தது. துருப்பிடிப்பதும் இரும்பு ஆக்ஸிஜனோடு சேரும் மாற்றம்தான். எரிவதன் மெதுவான வடிவம். ஒரே நாளில் எரித்தால் கொதிக்கும் மனம், நாற்பது ஆண்டில் எரிந்தால் கொதிக்காமல் இருப்பதற்கு வேகத்தைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம்.

கவனிக்காமல் விட்டதே காப்பாற்றியது என்று எதிர்வாதம் சொல்பவர்களும் உண்டு. அவர்களிடம் வலுவான சான்றும் இருக்கிறது. பிரான்சின் மேற்குப் பகுதியில் ரோஜே பாயோன் என்ற லாரித் தொழிலதிபர் 1950களிலிருந்து அருங்கார்களைச் சேர்த்தார். அருங்காட்சியகம் அமைப்பது அவர் கனவு. தொழில் நொடித்து, 1970களில் ஒரு பகுதி விற்பனைக்குப் போயிற்று. மீதி அப்படியே நின்றது. 2014இல் கண்டெடுத்தபோது சுமார் 60 கார்கள் இருந்தன. 1961ஆம் ஆண்டு ஃபெராரி ஒன்று பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. நடிகர் ஆலன் டெலான் வைத்திருந்த கார் அது. 2015 பிப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில் சுமார் 1.6 கோடி யூரோவுக்குப் போயிற்று, தூசியைக் கூடத் துடைக்காமல். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஹாரல்ட் கார் என்ற பெயருடைய மருத்துவர் 1960களின் தொடக்கத்தில் கராஜில் பூட்டிய 1937ஆம் ஆண்டு புகாட்டியும் அப்படித்தான்: 2007இல் அவர் இறந்தபின் வெளிவந்து, 2009இல் சுமார் 34 லட்சம் யூரோவுக்கு விற்றது. அரைகுறையாகப் பழுது பார்த்து, அசல் எஞ்சினைத் தூக்கி எறிந்து டீசல் எஞ்சின் பொருத்தப்பட்ட கார்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வாதத்தின் நியாயம் புரியும். மோசமான கையில் போவதைவிடத் தூசியில் கிடப்பது மேல்.

ஆனால் அதே பாயோன் தொகுப்பை இன்னும் உற்றுப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். ஃபெராரி இருந்தது மூடிய கராஜில். திறந்த தகரக் கொட்டகைகளில் நின்றவற்றுக்குள் கொடி படர்ந்து, தகடு கிழிந்து, சில வெறும் கூடாகவே கிடைத்தன. காப்பாற்றியது கூரையும் சுவரும்தான். பூட்டிய கராஜுக்கும் முருங்கை மரத்தடிக்கும் உள்ள இந்த வேறுபாட்டில்தான் அறக் கேள்வியின் விடை பெரும்பாலும் இருக்கிறது. விற்க மறுப்பது தவறல்ல. எந்த மனிதருக்கும் தன் தந்தையின் காரை அந்நியருக்குக் கொடுக்கும் கடமை கிடையாது. தவறு, வைத்துக்கொள்ளும் உரிமையை எடுத்துக்கொண்டு, காக்கும் கடமையைக் கைவிடுவதில் இருக்கிறது. அந்தக் கடமை பெரிதும் அல்ல. தலைக்கு மேல் கூரை, சுற்றிலும் மறைப்பு, நான்கு முனையிலும் ஸ்டாண்டு வைத்துச் சக்கரத்தைத் தூக்குவது, தொட்டியை வடிப்பது, சிலிண்டர்களில் கொஞ்சம் எண்ணெய் விட்டு எஞ்சினைக் கையால் சுற்றி வைப்பது. முழுப் பழுதுபார்ப்புக்கு ஆகும் பணத்தில் சிறு பங்குகூட இதற்கு வேண்டாம். இதையும் செய்யாதவர் 'ரெடி பண்ணணும்' என்று சொல்லும்போது, கேட்டவரை மட்டுமல்ல, தன்னையும் ஏமாற்றிக்கொள்கிறார்.

இந்தக் கடமையின் எடை காருக்குக் கார் மாறும். அம்பாசடர் ஐம்பது ஆண்டுக்கு மேல் தயாராகி 2014இல்தான் நின்றது. பல ஆயிரம் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஒரு வீட்டில் மக்குவது வருத்தத்துக்குரியது, அவ்வளவே. நான்கு கதவு ஹெரால்டில் அப்படிச் சொல்ல முடியாது. அக்கம்பக்கத்தாரின் உரிமையோ எந்தக் காருக்கும் ஒன்றுதான்: பானட்டிலும் டயரிலும் நிற்கும் மழைநீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளருமானால், அப்பா ஞாபகம் அதற்குப் பதிலாகாது.

வாங்க வருகிறவர்களின் அறத்தையும் பேசாமல் விடக்கூடாது. பாதுகாப்பேன் என்று உருக்கமாகப் பேசி வாங்கி, அடுத்த வாரமே சென்னை புதுப்பேட்டையில் பம்பர் ஒரு கடைக்கும் கியர்பாக்ஸ் ஒரு கடைக்குமாகப் பிரித்து விற்கும் புரோக்கர்களை முதியவர்கள் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து, "காயலான் கடைக்குத்தான் போகும்" என்று பயமுறுத்தி விலையைக் குறைப்பவர்களும் உண்டு. இப்படி ஒரு முறை ஏமாந்த குடும்பம் அடுத்து வரும் நல்லவரிடமும் கதவைச் சாத்தும். மறுப்பின் பழியில் ஒரு பங்கு இவர்களையே சேரும். உண்மையான அக்கறை உள்ளவர் கேட்கும்போதே, எப்படிச் செய்யப்போகிறேன் என்று காட்ட வேண்டும். முடிந்தபின் ஒரு நாள் உடையவரை அதில் உட்காரவைத்து ஓட்டிக்காட்டுவதாகச் சொல்லி, அதைச் செய்தும் காட்ட வேண்டும். கொடுப்பவருக்கும் விற்பனை ஒன்றே வழியல்ல. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளை நடத்தும் கார் அருங்காட்சியகம் போன்ற இடங்கள் இருக்கின்றன. உறவிலேயே கைவேலை தெரிந்த இளைஞர் இருக்கலாம். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த, பெரிதும் மாற்றப்படாத கார்களை 'விஏ' என்ற தனி வரிசையில் பதிவு செய்யலாம். காகிதச் சிக்கலில் முடங்கியவர்களுக்கு, பெயர் மாற்றத்தைக் கையோடு முடிக்க இது ஒரு காரணமாகலாம்.

எல்லாவற்றையும்விட அவசரமானது உடையவரின் நினைவு. சாவி எங்கே இருக்கிறது, கழற்றி வைத்த டைனமோ பரணில் எந்தச் சாக்கில் கிடக்கிறது, இடது கதவு எந்த விபத்துக்குப்பின் மாற்றியது, எஞ்சின் கடைசியாக எப்போது எழுந்தது என்பதெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் இருக்கும்போது கார் கைமாறினால் அந்தத் தகவலும் சேர்ந்து கைமாறும். அவர் போனபின், வெளியூரிலிருந்து காரியத்துக்கு வந்த பிள்ளைகள் வீட்டைக் காலி செய்ய நான்கு நாள்தான் இருப்பார்கள். பரணிலுள்ள சாக்கு முதலில் போகும். பிறகு காயலான் கடைக்காரர் மினி லாரியோடு வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிலோவுக்கு ஒரு விலை சொல்வார்.