தீ மூட்டாதவர்

இங்கிலாந்தின் வரைபடத்தில் ‘பீக்கன் ஹில்’ என்று தேடினால் ஏகப்பட்ட குன்றுகள் வரும். பீக்கன் என்றால் எச்சரிக்கைத் தீ. 1588இல் ஸ்பெயினின் அர்மடா கப்பற்படை வந்தபோது, தென்கரையிலிருந்து குன்று குன்றாகத் தாவிச் செய்தி சொன்னது இந்தத் தீதான். டெவன் பகுதியில் கல்ம்ஸ்டாக் குன்றின் மேல், காவலர்கள் ஒதுங்கிய சின்னக் கல்குடில் இன்றும் நிற்கிறது.

அந்தக் குடிலில் ராத்திரி முழுக்க விழித்திருந்தவரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர் கையிலிருந்த மொழியில் ஒரே ஒரு வார்த்தைதான்: ‘வந்துட்டாங்க’. ‘வந்த மாதிரி இருக்கு, எதுக்கும் ஒரு தடவை பாத்துக்கோங்க’ என்று நெருப்பால் சொல்ல முடியாது.

1804 ஜனவரி 31. நெப்போலியன் படையெடுத்து வரப்போகிறான் என்று நாடே பயந்திருந்த காலம். இங்கிலாந்து எல்லையை ஒட்டி, ஸ்காட்லாந்துப் பக்கம் இருக்கும் ஹியூம் கோட்டைக் காவலர் தூரத்தில் ஏதோ ஒரு நெருப்பைப் பார்த்து, அதை எச்சரிக்கை என்று நம்பித் தன் தீயை மூட்டினார். எல்லையோரக் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. தன்னார்வப் படையினர் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போனார்கள். எதிரி வரவே இல்லை.

கடலோரத்தில் செயின்ட் ஆப்ஸ் ஹெட் முனையில் மட்டும் தீ எரியவில்லை. எதிரி வந்தால் கடல் வழியாகத்தானே வரணும், எச்சரிக்கை ஏன் உள்நாட்டிலிருந்து வருகிறது என்று அங்கிருந்த காவல் யோசித்தது. இதைப் பதிவு செய்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். அந்தத் தீ எரிந்திருந்தால் வடக்கே ஸ்காட்லாந்து முழுவதும் எழுந்திருக்கும் என்கிறார்.

யார் செய்தது சரி? மூட்டாதவரைப் புத்திசாலி என்று சொல்ல நமக்கு ஈஸி, முடிவு தெரியும். அன்று பிரெஞ்சுக்காரர்கள் நிஜமாகவே இறங்கியிருந்தால் அதே ஆள் துரோகி. அப்படியானால் அவருடைய நியாயம் வெறும் அதிர்ஷ்டம்தானா?

இல்லை என்றே நினைக்கிறேன். முடிவை வைத்து அவரை எடைபோடக் கூடாது. அவர் கேட்ட கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும். ‘இது எங்கிருந்து வருது?’ சங்கிலியில் மற்றவர்கள் முந்தைய தீயை நம்பினார்கள். அவரோ அது வந்த திசையைப் பார்த்தார். அதற்காக ஹியூம் காவலரைக் குற்றவாளியாக்கவும் மனசு வரவில்லை. சும்மா இருப்பதைவிடத் தப்பாக எழுப்புவது மேல் என்று அவர் நினைத்திருக்கலாம். அழைத்ததும் ஊர் எழுந்து வந்ததே, அது பொய்யில்லை.

ஆனால் பொய்த் தீ அடிக்கடி எரிந்தால், நிஜத் தீக்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். எரியும் செய்தி ஒன்று கைக்கு வரும்போதெல்லாம், ஃபார்வர்ட் பட்டனுக்கு மேல் என் விரல் ஒரு நொடி நிற்கிறது. அந்த ஒரு நொடி செயின்ட் ஆப்ஸ் காவலர் கற்றுக்கொடுத்தது.