தலைமையும் மதிப்பும்

பாடசாலையிலே தலைமைப் பதவி நியமனப் பத்திரத்தோடு வந்துவிடும். மதிப்போ அவ்வாறு வருவதன்று. அதிகாரமுடையார் சொல்லுக்கு அஞ்சி அடங்குதலும், அவரை மதித்து இசைதலும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றும். தலைமையாசிரியர் வெளியூர் சென்ற நாளிலே வேற்றுமை விளங்கும்.

திருவள்ளுவனார் அரசியலிலே 57-ஆம் அதிகாரமாக வெருவந்தசெய்யாமையையும், 58-ஆவதாகக் கண்ணோட்டத்தையும் வைத்து, அதன்பின்னரே ஒற்றாடலை ஓதினார். நம்முட் சிலர் ஒற்றாடலிலே தொடங்கி, கண்ணோட்டத்தை ஓய்வுபெறும் நாளுக்கென்று வைத்திருக்கின்றனர்!

யாமும் ஒருகாற் பிழைத்தோம். காலந் தாழ்த்து வந்த உதவியாசிரியர் ஒருவரை மாணாக்கர் முன்னிலையிற் கடிந்தோம். தாயாரின் நோயினாலே தாழ்த்தாரென்று பின்னர் அறிந்தோம். கடிதலே ஆகாதென்பேமல்லேம், காரணம் வினாவாது கடிந்ததும், பிள்ளைகள் முன் கடிந்ததுமே குற்றம். அன்றுதொட்டு அவ்வகுப்பு அவர் சொல்லை மதியாதாயிற்று. அவருக்குத் துணையாதற்கென்று எமக்குத் தரப்பட்ட அதிகாரத்தினாலே அவரது அதிகாரத்தை அழித்துவிட்டோம்.

தனியிடத்தே வருத்தந் தெரிவித்தாற் போதாதோ, பிள்ளைகள் முன் தாழ்ந்தால் நாளை எவர் எம்மை மதிப்பார் என்று மனம் தடுத்தது. பலர்முன் உண்டாகிய இழிவு தனியிடத்திலே தீருமா? மறுவாரம் அவ்வகுப்பிற் சென்று, பிழை எம்முடையதென்று எல்லாருங் கேட்பச் சொன்னோம். ஒரு சிறுவன் சிரித்தான், அதனையும் பொறுத்தோம். இடமாற்றங் கேட்டு எழுதிவைத்திருந்த விண்ணப்பத்தை அவ்வாசிரியர் கொடாது விட்டார்.