ஊழும் எலும்பும்

இருபது ஆண்டுகள் நீரிழிவோடு வாழ்ந்த என் தந்தையார், கொல்லைப்படியில் கால் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது, தலைமாட்டில் அமர்ந்திருந்த என் அத்தை, "எல்லாம் என் தம்பியின் தலையெழுத்து" என்று முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டாள். அச்சொல்லில் சத்தியம் எவ்வளவு என்னும் வினா அன்றுமுதல் என் சிந்தையை விட்டு அகலவில்லை.

இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், எலும்பின் அடர்த்தியில் மனிதருக்குள் காணும் வேறுபாட்டில் 50 முதல் 80 சதவீதம் வரை பரம்பரையின்பாற்பட்டது என்கிறார்கள். நீரிழிவின் நாட்டமும் குலவழி வருவதே. ஆயினும், இரண்டாம் வகை நீரிழிவுள்ள ஆடவரிடம் ஒரு விசித்திரம் உண்டு: கருவியில் அளந்தால் அடர்த்தி குறையாமல், சில வேளை மிகுந்தும் தோன்றும் எலும்பு, எளிதில் முறிகிறது. இதற்கு ஒரு காரணம், இரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை, எலும்புக்கு நெகிழ்வு தரும் கொலாஜன் இழைகளில் ஒட்டி, அவற்றை விறைத்துப்போகச் செய்வதே.

பிறவியோடு வந்த உடற்கூறு, முன்வினைப் பயனாகிய பிராரப்தம் என்றால், நாள்தோறும் நம் பழக்கம் அதன்மேல் சேர்ப்பது, புதிதாய் ஈட்டும் வினையாகிய ஆகாமியம் அன்றோ? திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, விடாமுயற்சியாகிய ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்ததன் மர்மம் இதுவே என்று நான் கருதுகிறேன். ஆதலால், முன்னோர் தந்த எலும்பை நொந்துகொள்ளாமல், மாலையில் நடந்து, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, இருண்ட கொல்லைப்படியில் ஒரு விளக்கையும் ஏற்றி வைப்பவனே, விதியை மறுக்காமலே தன் தர்மத்தைச் செய்தவன் ஆவான்.