பந்தயமில்லாப் பருவத்தின் சங்கல்பம்

ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த ஓவாஹு தீவில், 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி காலையில், 15 மனிதர்கள் கடலில் இறங்கினார்கள். நீச்சல்காரன், சைக்கிள்காரன், ஓட்டக்காரன் ஆகிய மூவரில் சரீர வலிமை மிக்கவன் எவன் என்று நண்பர்களுக்குள் எழுந்த ஒரு விளையாட்டான தர்க்கத்தைத் தீர்க்கும்பொருட்டு, அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ஜான் காலின்ஸும் அவருடைய மனைவி ஜூடியும் வகுத்த பந்தயம் அது: 3.8 கிலோமீட்டர் கடல் நீச்சல், அதன்மேல் 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கும் மேல் 42.2 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஒரே நாளில். இறங்கியவர்களில் 12 பேர் முடித்தார்கள். அயர்ன்மேன் என்று பெயர் பெற்ற அந்தப் பந்தயமும், அதனினும் குறுகிய தூரங்களைக் கொண்ட மற்ற ட்ரையத்லான் பந்தயங்களும் இன்று பல தேசங்களில் நடக்கின்றன. அவற்றில் கலந்துகொள்வோரில் மிகப் பெரும்பாலார் விளையாட்டையே ஜீவனமாகக் கொண்டவர்கள் அல்லர். ஆசிரியர், கணக்கர், மருத்துவர், தச்சர் என்று பகலெல்லாம் வேறு வேலை பார்த்து, விடியலிலும் இரவிலும் அப்பியாசம் செய்கிற அமெச்சூர்கள். அவர்களுடைய பந்தய நாளைப் பற்றி எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். எனக்கு விசாரிக்கத் தக்கதாய்த் தோன்றுவது, பந்தயங்கள் யாவும் ஓய்ந்து, வட தேசங்களில் பனி இறங்கி, நவம்பர் முதல் பிப்ரவரி வரையில் நீளுகிற அந்த வெறும் பருவந்தான். ஏனென்றால் நமது சாஸ்திரங்கள் வெகு காலமாக விசாரித்துவரும் ஒரு கேள்வி, கைதட்டுவாரும் பதக்கம் தருவாரும் இல்லாத அந்த மாதங்களில், ஒரு துண்டுத் தாளும் பேனாவுமாக இந்த அமெச்சூர் வீரன் முன்னே வந்து நிற்கிறது. அடுத்த ஆண்டுக்கு என்ன லட்சியம் வைத்துக்கொள்வது?

கேள்விக்குள் போகுமுன் அந்தப் பருவத்தின் வேலை எத்தகையது என்பதைச் சொல்லவேண்டும். பயிற்சியை மேற்கொண்டவனுடைய இருதயமும் இரத்தமும் சில வாரங்களிலேயே அதற்கு இணங்கத் தொடங்கிவிடுகின்றன. தசைநார்களும் எலும்புகளும் இணங்குவதற்கோ மாதங்கள் பிடிக்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வை அறியாமல், மூச்சு இடம் கொடுக்கிறது என்பதற்காக வேகத்தைக் கூட்டுகிறவன், குதிகாலிலோ முழங்காலிலோ அதற்குரிய தண்டனையை அனுபவிக்கிறான். ஆகையால் குளிர்காலத்தில் அவனுக்கு விதிக்கப்படுவது நீண்ட, மெதுவான, பக்கத்தில் வருபவனோடு பேசிக்கொண்டே செய்யக்கூடிய உழைப்பு. நியூஸிலாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஓட்டக்காரர்களைப் பயிற்றுவித்த ஆர்தர் லிட்யார்ட், 800 மீட்டர் ஓடுகிறவனைக்கூட மாதக் கணக்கில் வாரம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் ஓடவைத்தபோது பலர் நகைத்தார்கள். 1960-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணாக்கர்களாகிய பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் பெற்றபின் நகைப்பு அடங்கிற்று. ட்ரையத்லான்காரனும் இந்த வழியையே பின்பற்றுகிறான். நீச்சல் குளத்தில் வேகத்தை மறந்து, முழங்கை தாழாமல் நீரைப் பிடிப்பது எப்படி என்று பாலபாடம் படிக்கிறான். வீதியில் பனி உறைந்துகிடக்கும் ஊர்களில், சைக்கிளை ஒரு தாங்கியில் பூட்டி, வீட்டின் நிலவறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு மிதிக்கிறான். எடை தூக்குகிறான். நாடித் துடிப்பைத் தாழ்த்தி வைப்பதற்காக மேட்டில் ஓட்டத்தை விட்டு நடக்கவும் நடக்கிறான். நாய்க்குட்டியோடு உலாவ வந்த முதியவர்கள் அவனைக் கடந்து போவதுண்டு என்றும், பயிற்சி முழுவதிலும் அந்த நிமிஷமே மிகக் கடினமானது என்றும் அனுபவஸ்தர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அகங்காரத்துக்கு இப்படி மெதுவாகப் போவதைவிடக் கசப்பான மருந்து வேறு உண்டோ என்பது சந்தேகந்தான்.

இப்போது கேள்வி. அவன் தாளில் எழுதுகிறான்: “அடுத்த ஆகஸ்டில் 12 மணி நேரத்துக்குள் முடிப்பேன்” என்று. கர்மத்தில்தான் உனக்கு அதிகாரம், அதன் பலனில் இல்லை என்று போதிக்கும் கீதை, ஆறாம் அத்தியாயத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், சங்கல்பங்களையெல்லாம் துறந்தவனே யோகத்தில் ஏறியவன் என்கிறது. அப்படியானால் தேதியும் மணியும் குறித்து எழுதப்பட்ட இந்தச் சங்கல்பம், பந்தத்தைத் தானே பின்னிக்கொள்ளும் காரியம் ஆகாதா? மறுபுறத்தில், யாதொரு பிரயோஜனத்தையும் கருதாமல் மந்தபுத்தியுள்ளவன்கூட ஒரு காரியத்தில் இறங்கமாட்டான் என்று மீமாம்சகராகிய குமாரில பட்டர் வாதிக்கிறார். பலனைக் கருதினால் பற்று. கருதாவிட்டாலோ காரியமே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில், நவம்பர் மாதத்து இரவில், களைத்த கால்களை நீட்டிக்கொண்டு ஒரு சாதாரண மனிதன் உட்கார்ந்திருக்கிறான்.

லட்சியமே வேண்டாம், உழைப்பின் ஆனந்தமே போதும் என்று சொல்லுகிறவர்கள் இந்தச் சிக்கலிலிருந்து சுலபமாக விடுபட்டுவிட்டதாக நினைக்கிறார்கள். எனக்கு அது ஞானத்தின் உடையைத் தரித்துக்கொண்ட சோம்பலாகவே தோன்றுகிறது. மலைப் பாதைகள் மிகுந்த பந்தயத்தை நோக்கியிருப்பவன் ஜனவரியில் கால் வலிமையைத் தேடவேண்டும். அலை மிகுந்த கடலில் நீந்தப் போகிறவன் குளத்தின் அடிக்கோட்டைப் பாராமல் தலை நிமிர்த்தித் திசையறியப் பழகவேண்டும். இன்று ஓய்வா, இரண்டு மணி நேரச் சைக்கிளா என்று தீர்மானிக்க வேண்டியவனுக்கோ, எந்தக் காரியத்தின் பொருட்டு என்ற அறிவு இல்லாவிட்டால், அன்றன்றைய மனோபாவமே எஜமானாகிவிடும். லட்சியம் என்பது கர்மத்தை ஒழுங்குபடுத்துகிற சூத்திரம். அதை நீக்கிவிட்டால் பற்று நீங்குவதில்லை, ஒழுங்குதான் நீங்குகிறது.

மகாத்மா காந்தி 1929-ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலில் கௌசானியில் தங்கியிருந்தபோது ‘அனாசக்தி யோகம்’ என்னும் தம் கீதை மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில் இந்தச் சங்கடத்தை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார். பலனைத் துறப்பதாவது விளைவைப் பற்றி அசட்டையாயிருப்பது ஆகாது என்றும், ஒவ்வொரு காரியத்திலும் எதிர்பார்க்கும் விளைவையும், அதற்குரிய சாதனத்தையும், அதைச் செய்வதற்கான சக்தியையும் ஒருவன் அறிந்திருக்கவேண்டும் என்றும் அவர் கருதுகிறார். தொழிற்சாலைக்குத் திட்டம் போடுகிறவன் கேட்கவேண்டிய கேள்விகள்போல ஒலிக்கும் இவற்றை, அத்தனை பெரிய துறவி துறவைப் பற்றிய உபதேசத்தின் நடுவிலேயே வைத்தது எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது. நமது அமெச்சூர் வீரன் விளைவைச் சுலபமாக எழுதிவிடுகிறான். சாதனத்தையும் அவனுடைய கோச் எழுதிக் கொடுத்துவிடுகிறார். மூன்றாவதான சக்தியில்தான் அவன் தடுமாறுகிறான். சக்தி என்றவுடன் அவன் நினைப்பது நுரையீரலையும் தொடைகளையும் பற்றி. ஆனால் அவன் கிருகஸ்தன். சனிக்கிழமை காலையின் ஐந்து மணி நேரச் சைக்கிள் சவாரி எங்கிருந்து வருகிறது? சமையலறையில் தனியே நிற்கும் மனைவியின் காலையிலிருந்தும், அப்பாவோடு நூலகத்துக்குப் போக எண்ணியிருந்த குழந்தையின் காலையிலிருந்தும் எடுக்கப்பட்டு வருகிறது. பதக்கத்தின்மேல் பற்றில்லை என்று அவன் மெய்யாகவே சொல்லலாம். பிறருடைய பொழுதை வாங்கிக்கொண்டு நிஷ்காம்யம் பேசுகிறவனிடம் எனக்கு மரியாதை அவ்வளவாக இல்லை. கீதை ஸ்வதர்மத்தை வலியுறுத்துகிற நூல். இல்லறத்தானுடைய ஸ்வதர்மத்தில் விடியற்காலை நீச்சலுக்கு இடமுண்டு. அந்த இடத்தின் எல்லையை அவன் ஒருவனே வரைந்துகொள்ள முடியாது.

இந்த விஷயத்தில் மேனாட்டு ஞானிகளில் எபிக்டெட்டஸைக் கேளாமல் விடுவதற்கில்லை. அடிமையாய் வாழ்ந்து விடுதலை பெற்றுத் தத்துவம் போதித்தவர் அவர். ஒலிம்பியாவில் வெற்றி பெற ஆசைப்படுகிறவனிடம், முன்னால் வருவது என்ன, பின்னால் வருவது என்ன என்று முதலில் பார் என்கிறார். உணவில் கட்டுப்பாடு, வெயிலிலும் குளிரிலும் குறித்த நேரத்தில் பயிற்சி, வைத்தியனுக்குப் பணிவதுபோல் பயிற்சியாளனுக்குப் பணிதல், அவ்வளவுக்கும் பின்னால் கணுக்கால் பிசகினாலும் பிசகலாம், தோற்றாலும் தோற்கலாம். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின்பும் விருப்பம் இருந்தால் இறங்கு, இல்லையேல் இன்று மல்லன், நாளை எக்காளம் ஊதுபவன், மறுநாள் கூத்தாடி என்று விளையாடும் குழந்தைகளைப்போல் ஆவாய் என்று எச்சரிக்கிறார். அவருடைய தத்துவ மரபைச் சேர்ந்தவர்களாகிய ஸ்டோயிக்குகள், நம் வசத்தில் உள்ளதையே இலக்காகக் கொள்ளவேண்டும் என்று வகுத்தார்கள். பந்தய தினத்துக் காற்றும் வெயிலும் நம் வசத்தில் இல்லை. வாரம் மூன்று நாள் குளத்தில் இறங்குவது நம் வசத்தில் உண்டு. இன்றைய பயிற்சியாளர்களும் முடிவைப் பற்றிய லட்சியத்தைவிடச் செய்கையைப் பற்றிய லட்சியத்தை எழுதச் சொல்லுவது இதனால்தான். அது நல்ல யோசனை என்பதில் தடையில்லை.

ஆயினும் ஸ்டோயிக்கு நிறுத்திய இடத்தில் கீதை நிறுத்தவில்லை, அங்கேதான் அதன் நுட்பம் இருக்கிறது. இலக்கை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவந்துவிட்டால் அகங்காரம் இறந்துவிடும் என்று நினைப்பதற்கில்லை. அதுவும் கூடவே உள்ளே குடிபுகுந்துவிடும். பதக்கத்தைப் பற்றிக் கவலைப்படாத ஒருவன், ஒரு நாள்கூடத் தவறாமல் பயிற்சி செய்தேன் என்ற பட்டியலைப் பதக்கத்துக்கும் மேலாகப் போற்றுவதை நாம் பார்க்கிறோம். கைக் கடிகாரம் ஒவ்வோர் அடியையும் துடிப்பையும் எழுதிவைத்து, ஊருக்கும் காட்டிவிடுகிற இந்தக் காலத்தில், பார்வையாளர் இல்லாத பருவம் என்று நான் மேலே சொன்னதைக்கூடச் சிறிது திருத்திக்கொள்ளவேண்டும்போல் இருக்கிறது: நிலவறையில் சுவரைப் பார்த்து மிதிக்கிறவனுக்கும் இன்று சபை உண்டு. சத்காரத்தையும் மானத்தையும் பூஜையையும் நாடி டம்பத்தோடு செய்யப்படும் தபஸ் ராஜஸம் என்றும், மூடப் பிடிவாதத்தால் தன்னைத் துன்புறுத்திச் செய்வது தாமஸம் என்றும் பதினேழாம் அத்தியாயம் பிரித்துக் காட்டுகிறது. சாத்விகமான தபஸுக்கு அது வைக்கும் நிபந்தனைகள் சிரத்தையும் பலனை விரும்பாமையும். செய்த கர்மத்தை நான் செய்தேன் என்ற எண்ணத்தோடு சேர்த்து பகவானிடம் ஒப்படைத்துவிடு என்பது ஸ்டோயிக்கு சொல்லாத சொல்.

ஒப்படைப்பது என்றால் நடைமுறையில் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் ஸ்போகேன் நகரைச் சேர்ந்த கன்னிகாஸ்திரீ மடோனா பியூடர், சரீரத்தையும் மனத்தையும் ஆத்மாவையும் இசைவிக்க ஓட்டம் உதவும் என்று ஒரு பாதிரியார் சொன்னதைக் கேட்டு, ஏறத்தாழ 48 வயதில் ஓடத் தொடங்கினார். 55-ஆம் வயதில் முதல் அயர்ன்மேன் பந்தயத்தை முடித்து, 2012-ஆம் ஆண்டு கனடாவில் 82-ஆம் வயதிலும் ஒன்றை முடித்தார். அவருடைய வயதினருக்கென்று பிரிவே இல்லாதிருந்ததால் அவர்பொருட்டுப் புதிய பிரிவுகள் ஏற்பட்டன. அத்தகைய பிரிவில் முதலாவதாக வருவதில் என்ன பெருமை இருக்க முடியும், எதிர்க்க ஆளே இல்லாதபோது! ஜப்பானியரான ஹிரோமு இனாடாவின் கதை இன்னும் கூர்மையானது. ஏறத்தாழ 70 வயதில் இந்த விளையாட்டுக்கு வந்த அவர், 2015-ஆம் ஆண்டு ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் பந்தயத்தில் 82-ஆம் வயதில், நேர வரம்பை 5 வினாடிகள் கடந்து எல்லைக்கோட்டைத் தொட்டார். ஆகவே முடித்தவர் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. ஒரு வருஷத்து உழைப்பின் பலன் 5 வினாடிகளில் கைவிட்டுப் போயிற்று. அவர் மறுபடி அடித்தளத்திலிருந்து பயிற்சி தொடங்கி, 2016-இல் முடித்தார். 2018-இல் 85-ஆம் வயதில் மீண்டும் முடித்தார். அவருடைய உள்ளத்தில் பற்று இருந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? பலன் நழுவியபின்னும் கர்மம் நழுவவில்லை என்பது மட்டும் வெளிப்படை.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது, அதுவே பந்தயமில்லாப் பருவத்தின் உயிர்நிலை. ஓயாமல் சஞ்சரிப்பதே தர்மமாகக் கொண்ட சந்நியாசிகளும் மழைக் காலத்தில் சாதுர்மாஸ்ய விரதம் பூண்டு ஓரிடத்தில் தங்கிவிடுகிறார்கள். பௌத்த பிக்ஷுக்களும் சமண முனிவர்களும் அவ்வாறே செய்கிறார்கள். நடப்பதைப் போலவே ஓரிடத்தில் நிற்பதும் அனுஷ்டானம் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் விழித்தே இருப்பவனுக்கும் யோகம் இல்லை என்னும் கீதா வாக்கியத்தின் கருத்தைப் பயிற்சி அட்டவணைகளில் எந்தக் கோச்சும் ஆட்சேபிக்கமாட்டார். அப்படியிருந்தும், பந்தயம் முடிந்து இரண்டு வாரம் சும்மா இரு என்று சொன்னால் நம் வீரன் திருட்டுத்தனமாக ஓடப் போகிறான். சேர்த்துவைத்தது கரைந்துபோகிறதே என்று இரவில் விழித்துக்கொள்கிறான். பலனைத் துறந்தேன் என்று அவன் எத்தனை முறை சொன்னாலும், குற்ற உணர்ச்சியில்லாமல் ஓய்ந்திருக்க அவனால் முடிகிறதா என்பதைக்கொண்டே நான் அதை மதிப்பிடுவேன்.

ஆகவே, இந்த நவம்பரில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் வாசகர் எவரேனும் இருந்தால், அவரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. மணியையும் தேதியையும் தாராளமாக எழுதுங்கள். அதில் பாபம் ஒன்றும் இல்லை. அதன்கீழ், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அது யாருடைய நேரம் என்பதையும், எந்த நாட்களில் ஒன்றுமே செய்யப்போவதில்லை என்பதையும் எழுதுங்கள். எழுதிய தாளைக் கோச்சுக்கு அனுப்புமுன் வீட்டில் உள்ளவர்களிடம் படித்துக் காட்டி, அவர்கள் அடிக்கச் சொல்லும் வரியை அடித்துவிடுங்கள்.