மூக்கின் சாட்சியம்

வீட்டில் டீ கலந்து பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு முதலில் புரிவது, நாக்குக்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம் என்பது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி. அதோடு நாக்கின் வேலை கிட்டத்தட்ட முடிந்தது. துவர்ப்பு என்று நாம் சொல்வதுகூடப் பெரும்பாலும் வாய்க்குள் இழுத்துப் பிடிக்கிற ஒரு தொடு உணர்ச்சிதான். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் டீயையும் துளசி டீயையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்கள். வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். கையை எடுத்த நொடியில், தொண்டைக்குப் பின்னால் மேலேறும் ஆவி இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். தேயிலை ருசிப்பவர்கள் கரண்டியிலிருந்து சத்தம் போட்டு உறிஞ்சுவது இதற்காகத்தான். அநாகரிகம்போலத் தெரியும் அந்தச் சத்தம் அவர்களுடைய தொழில்நுட்பம்.

திருவொற்றியூரில் என் சமையலறை மேடையில் இப்போது பதினோரு டப்பாக்கள் இருக்கின்றன. நீலகிரி இலைத் தேயிலை, டீக்கடை டஸ்ட், சுக்கு, துளசி, ஆவாரம்பூ, எலுமிச்சைப் புல், நன்னாரி வேர், இப்படி. கலப்பதில் மந்திரம் எதுவும் இல்லை. சுக்கும் வேரும் கொதித்தால்தான் இறங்கும். இலை கொதித்தால் கெட்டுவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகப் போட்டால் ஏதாவது ஒன்று வீணாகும். வேரை முதலில் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, பிறகு இலையைப் போட வேண்டும். துளசியிலும் கிராம்பிலும் இருப்பது ஒரே யூஜினால். இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று தூக்கிவிடும், மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். நன்னாரியின் வாசனைப் பொருள் வனிலாவின் வாசனைப் பொருளுக்கு ஒன்றுவிட்ட தம்பி, அதே அணுக்கள் வேறு அடுக்கில். அதனால்தான் கட்டன் டீயில் ஒரு துண்டு நன்னாரி போட்டால், சர்க்கரையே போடாவிட்டாலும் இனிப்பதுபோல ஒரு பிரமை வருகிறது.

ஆனால் கலப்பதற்கு முன்னால் ஒரு விதி உண்டு. வெறும் தேயிலையைத் தனியாகக் குடித்துப் பார்க்க வேண்டும். இதற்குச் சர்வதேச நியமமே இருக்கிறது: ஐஎஸ்ஓ 3103. 1980இல் வந்தது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊறல். இதற்கு மூலமான பிரிட்டிஷ் நியமத்துக்கு 1999இல் கேலி நோபலான இக் நோபல் பரிசைக் கொடுத்துச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்க மாட்டார்கள். அந்த முறைப்படி போட்டால் டீ நன்றாகவே இருக்காது, கடுப்பாக இருக்கும். நல்ல டீ போடுவது அதன் நோக்கமே இல்லை. ஒரு தேயிலையின் குறை ஒளிந்துகொள்ள இடம் தராமல், இன்னொன்றோடு ஒப்பிட வைப்பதே நோக்கம்.

இங்கேதான் எனக்கு அறம் சார்ந்த கேள்வி ஆரம்பிக்கிறது. வாசனை சேர்ப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இருப்பதைத் துலக்க. இன்னொன்று, இருப்பதை மறைக்க. மக்கிப்போன பழைய இலைமேல் செயற்கை எலுமிச்சை வாசனையைத் தெளித்து அழகான டப்பாவில் விற்பது இரண்டாவது வகை. வடசென்னையில் உட்கார்ந்துகொண்டு இந்த வித்தியாசத்தைச் சமையலறையோடு நிறுத்திவிட முடியாது. ஜன்னலைத் திறந்தால் இன்னொரு கலவை காத்திருக்கிறது: மணலிப் பக்கமிருந்து அழுகின முட்டை வாடை, கடல் பக்கமிருந்து கருவாடு, லாரிப் புகை. ஜன்னலைச் சாத்திவிட்டு எலுமிச்சைப் புல்லைக் கொதிக்கவைத்தால் வீடு மணக்கும். அப்போது நான் ருசியை வளர்க்கிறேனா, திரை போடுகிறேனா?

இந்த ஊர் இப்படி ஒரு திரையை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. ராயபுரத்தில் ஒரு காலத்தில் காயப்போட்ட துணியில் துறைமுகத்தின் நிலக்கரித் தூசி படியும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்றது. நியாயமான தீர்ப்பு, ராயபுரம் மூச்சுவிட்டது. ஆனால் சரக்கு எண்ணூருக்குப் போனது. தூசி மறைந்துவிடவில்லை, முகவரி மாற்றிக்கொண்டது.

*

நீலகிரித் தேயிலை குன்னூரில் ஏலம் போகிறது, 1963 முதல். ஏலத்துக்கு முன்னால் தரகு நிறுவனங்களின் ருசிப்பாளர்கள் வரிசையாக வைத்த கிண்ணங்களை உறிஞ்சித் துப்பிக்கொண்டே போவார்கள். ‘புகை ஏறியிருக்கிறது’, ‘சுரத்து இல்லை’, ‘நன்றாக இருக்கிறது’ என்பது மாதிரி இரண்டு மூன்று வார்த்தைகள். அந்த வார்த்தைகளை ஒட்டித்தான் விலை மதிப்பிடப்படுகிறது. ஒரு மனிதரின் நாக்கும் மூக்கும் அங்கே அளவுகோல். ‘உன் நாக்கு சொல்வதற்கு ஆதாரம் என்ன, மெஷின் ரீடிங் காட்டு’ என்று யாரும் அவரைத் திருப்பி அனுப்புவதில்லை.

எங்கள் வீட்டு மேல்மாடியில் ஒரு அக்கா இருக்கிறார். எண்ணூர்ப் பக்கம் குப்பத்தில் பிறந்தவர், காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். ஒரு நாள் இரண்டு டம்ளர் டீ கொடுத்து எது நல்ல தேயிலை என்று கேட்டேன். மோந்து பார்த்துவிட்டு, “இன்னா தம்பி, தூளு ரெண்டும் ஒண்ணுதான். தண்ணிதான் வேற. இது கேன் தண்ணி, இது பைப்பு” என்றார். சரியாகச் சொல்லிவிட்டார். காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளுக்கு 10 கோடி லிட்டர் தருவதற்காக 2010இல் தொடங்கப்பட்டது. போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் ஏறிக்கிடக்கும். கேன் தண்ணீரில் தாது எல்லாம் கழிந்திருக்கும். ஒரே தூள் இந்த மூன்றிலும் மூன்று டீயாகும். போர் தண்ணீர் டீயில் மேலே ஏடு மாதிரி ஒன்று படரும். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு ஒரு மோப்பம் போதுமாக இருந்தது. மீன் ஐஸில் எத்தனை நாள் கிடந்தது என்று செவுளைத் திறப்பதற்கு முன்பே சொல்கிற மூக்கு அது.

பேச்சுவாக்கில், “ராத்திரில வர்ற கேஸ் வாடை பழகிடுச்சாக்கா?” என்று கேட்டேன்.

“மூக்குக்குப் பழகல தம்பி. சொல்லிச் சொல்லி வாய்தான் அலுத்துப்போச்சு.”

வடசென்னைக்காரர்களைப் பற்றி வெளியாட்கள் சுலபமாகச் சொல்லும் வாக்கியம் ‘அவங்களுக்கு அது பழகிடுச்சு’. பழக்கம் என்பது மூக்குக்கு உண்மையிலேயே உண்டு. ஒரே வாசனை சில நிமிடம் தொடர்ந்தால் மூக்கு அதைக் கழித்துவிடும். ருசிப்பவர்கள் நடுநடுவே இடைவெளி விடுவது அதனால்தான். ஆனால் உடம்பின் அந்தச் சின்னத் தந்திரத்தை வைத்து ஒரு ஊரின் மௌனத்தை விளக்கிவிட முடியாது. அக்கா சொன்னது வேறு: உணர்வு மழுங்கவில்லை, கேட்க ஆள் இல்லை.

*

டேவிட் ஹ்யூம் 1757இல் ருசியின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில், ‘டான் கிஹோட்டே’ நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். சாஞ்சோவின் உறவினர்கள் இரண்டு பேரிடம் ஒரு பீப்பாய் மதுவைப் பற்றி அபிப்பிராயம் கேட்கிறார்கள். நல்ல மதுதான், லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார் ஒருவர். நல்லதுதான், ஆனால் இரும்பு ருசி இருக்கிறது என்கிறார் மற்றவர். ஊரே சிரிக்கிறது. கடைசியில் பீப்பாயைக் காலி செய்தபோது அடியில் தோல் வார் கட்டிய ஒரு பழைய சாவி கிடக்கிறது.

நுண்ணிய ருசி கற்பனை அல்ல, அது பொருளில் உள்ளதைத்தான் கண்டுபிடிக்கிறது என்பதற்கு ஹ்யூம் இதை உதாரணமாக்கினார். எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது வேறு இடம். பீப்பாய் காலியானதால் அவர்கள் தப்பித்தார்கள். காலியாகாமலே இருந்திருந்தால்? அதைத் திறந்து பார்க்கும் உரிமை சிரித்தவர்களிடமே இருந்திருந்தால்?

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் பீப்பாய் தானாகவே திறந்துகொண்டது. உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதத் தொடக்கத்தில், மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்திருந்தது. இரண்டு முறையும் மக்களின் மூக்கு யாருடைய அறிக்கைக்கும் காத்திருக்கவில்லை. மற்ற நாட்களில்தான் அந்த மூக்குக்கு மதிப்பு இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. நம் நாட்டின் 2009ஆம் ஆண்டுக் காற்றுத் தர நியமத்தில் அமோனியாவுக்குக் குறுகிய கால அளவு 24 மணி நேரச் சராசரி. இருபது நிமிடம் அடித்துவிட்டுப் போகும் ஒரு நெடி, ஒரு நாளில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு நேரம். சராசரியில் அது கரைந்துவிடும். சர்வர் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. சராசரி நன்றாக இருக்கும், ஆனால் யாரோ ஒரு பயனருக்குப் பக்கம் திறக்கவே திறக்காது. அதனால்தான் நாங்கள் சராசரியை நம்பாமல் மிக மோசமான ஒரு சதவீதத்தைத் தனியாக எடுத்துப் பார்ப்போம். மூக்குக்குச் சராசரி போடத் தெரியாது. உச்சத்தை மட்டும்தான் பிடிக்கும். காற்றைப் பொறுத்தவரை அது ஒரு குறையே அல்ல.

இதே மூக்கை நம்பித்தான் ஒரு சட்டமும் உண்டானது. 1937இல் அமெரிக்காவின் டெக்சஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில் மணமில்லாத எரிவாயு கசிந்து வெடித்துச் சுமார் 300 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் கலப்பது கட்டாயமானது. நம் வீட்டு சிலிண்டரிலும் மெர்காப்டன் கலந்துதான் வருகிறது. மறைக்க அல்ல, காட்டிக்கொடுக்க சேர்த்த வாசனை. சிலிண்டர் விஷயத்தில் சமையலறையில் நிற்பவரின் மூக்கு நம்பத்தகுந்த சாட்சி. அவரே வெளியே வந்து ஆலையைப் பற்றிச் சொன்னால் அது ‘சும்மா புகார்’.

*

மூக்கு ஏமாறாதா? ஏமாறும். கோபமும் பயமும் வாசனையை மாற்றும். ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் அளவைத் தொட்டால் மூக்கு மரத்தே போகும். வாடை நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். கருவி வேண்டாம் என்று நான் சொல்லவே வரவில்லை. ருசிப்பாளரின் நாக்கும் ஏமாறக்கூடியதுதான். அதனால்தான் அங்கே லேபிளை மறைத்து வைக்கிறார்கள், பல பேர் ருசிக்கிறார்கள், பொதுவான சொற்களில் எழுதி வைக்கிறார்கள். ஏமாறும் என்பதற்காக நாக்கைத் தூக்கி எறியவில்லை, அதை ஒழுங்குபடுத்தினார்கள்.

அந்த ஒழுங்கை ஜனங்களே கையில் எடுத்த ஊர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள் 2004இல் சமூகச் சூழல் கண்காணிப்பாளர்களாக ஒன்றுகூடினார்கள். எந்த நேரம், எந்த இடம், என்ன மாதிரி வாடை என்று குறித்து வைத்தார்கள். வாடை அடிக்கும்போது வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எப்போது பையைத் திறப்பது என்று முடிவு செய்தது மூக்கு. எவ்வளவு இருக்கிறது என்று சொன்னது கருவி. இரண்டுக்கும் சண்டை இல்லை.

இதற்கு வேண்டிய சொற்களும் நம்மிடம் ஏராளம். நெடி, வீச்சம், கவிச்சி, காறல், சிக்கு, ஊசல், முடை. ஒவ்வொன்றும் தனித்தனி வாடை. நாற்றம் என்ற சொல்லே பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்தது; பிறகுதான் கெட்டதற்கு மட்டும் என்று ஒதுங்கிவிட்டது. டீக்காக நான் வைத்திருக்கும் நோட்டில் இப்போது கடைசிப் பக்கங்களைப் பிரித்துவிட்டேன். தேதி, மணி, காற்று வந்த திசை, வாடைக்கு ஒரு சொல். மேல்மாடி அக்கா சொல்கிற சொல்லைத்தான் முதலில் எழுதுகிறேன், அவர் மூக்கு என்னுடையதைவிட நல்லது. போன மாதம் ஒன்பது குறிப்புகள். ஏழு, இரவு 11க்கும் 3க்கும் நடுவில்.

ருசியை வளர்ப்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களோடு நான் சண்டை போடப்போவதில்லை. பாதி உண்மைதான் அது. டீயோடு நின்றுவிட்டால் முழு உண்மை. ஆனால் ஒரு டம்ளரில் துளசிக்கும் கிராம்புக்கும் வித்தியாசம் தேடிப் பழகிய ஒருவருக்கு, ஜன்னலுக்கு வெளியே வருவதை ‘ஏதோ வாடை’ என்று கடந்துபோக உரிமை இல்லை என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் துல்லியமாகச் சொல்லும்போது அதைக் குறித்துக்கொள்ளாமல் இருக்கவும் உரிமை இல்லை.