பந்திக்குப் பிந்தியவர்கள்

வேதவாசிப்பு: 1 கொரிந்தியர் 11:17 முதல் 12:27 வரை

சபையின் ஆண்டு விழாவிலும் வாலிபர் முகாமிலும் தவறாமல் எடுக்கப்படும் வேதபகுதி, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரம். நாம் கிறிஸ்துவின் சரீரம், ஆளுக்கொரு அவயவம், ஆகவே அவரவர் வேலையை அவரவர் முறுமுறுக்காமல் செய்ய வேண்டும் என்று பிரசங்கம் முடியும். கமிட்டியில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரசங்கம் மிகவும் பிடிக்கும். கோயிலைப் பெருக்குகிறவர் தொடர்ந்து பெருக்குவார். காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர் தொடர்ந்து போடுவார்.

இதே பிரசங்கத்தைப் பவுலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னமே ரோமர்கள் செய்துவிட்டார்கள். கி.மு. 494இல் ரோம் நகரத்து எளிய ஜனங்கள், கடன் தொல்லை தாங்காமல் நகரத்தைவிட்டு வெளியேறி ஒரு குன்றின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களை அழைத்துவரப் பிரபுக்கள் அனுப்பிய மெனேனியஸ் அக்ரிப்பா ஒரு கதை சொன்னாராம். வரலாற்றாசிரியர் லிவி அதை எழுதி வைத்திருக்கிறார். கை, வாய், பல் மூன்றும் வயிற்றின் மேல் கோபம் கொண்டன. நாமெல்லாம் பாடுபடுகிறோம், இது நடுவில் உட்கார்ந்து தின்கிறது என்று சோறு கொடுப்பதை நிறுத்தின. வயிறு காய்ந்தது; கூடவே உடம்பு முழுவதும் துவண்டது. தின்பதைச் செரித்து எல்லாருக்கும் பகிர்ந்து கொடுப்பது வயிறுதான் என்று அப்போதுதான் அவற்றுக்குத் தெரிந்தது. கதையைக் கேட்டவர்களுக்கு வயிறு யார், கை யார் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. சமாதானமாகிக் கீழே இறங்கினார்கள். கதையை மட்டும் கேட்டுவிட்டு இறங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தங்களுக்காகப் பேசத் தனி அதிகாரிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

உடம்பைக் காட்டிக் கீழே இருப்பவனை அடக்குவது பழைய வித்தை. கொரிந்துவில் இருந்தவர்களுக்கு அது புதிதாக இருந்திருக்காது, ஏனென்றால் அது ரோமக் குடியேற்ற நகரம். கி.மு. 146இல் ரோமப் படை அழித்த ஊரை கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடி குடியேற்றினார். வந்து சேர்ந்தவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். கிழக்கே கெங்கிரேயா, வடக்கே லெகேயம் என்று இரண்டு துறைமுகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் பணம் புரண்டது. புதுப் பணம் புழங்கும் ஊரில் யார் எங்கே உட்காருவது என்பது சின்ன விஷயமில்லை. பவுல் அங்கே ஆக்கில்லாவோடும் பிரிஸ்கில்லாளோடும் கூடாரத் தொழில் செய்துகொண்டு ஒன்றரை ஆண்டு தங்கினார். அப்போதைய அதிபதி கல்லியோனின் பெயர் தெல்பியில் கிடைத்த கல்வெட்டில் இருப்பதால், அது கி.பி. 51ஐ ஒட்டிய காலம் என்று சொல்ல முடிகிறது.

சபைக்கு அன்று தனிக் கட்டடம் கிடையாது. வசதியுள்ள ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ரோமர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் மூன்று சாய்மஞ்சங்கள் இருக்கும். வழக்கமாக ஒன்பது பேர் சாய்ந்து உண்ணலாம். மற்றவர்கள் முற்றத்தில்தான் இருந்திருக்க வேண்டும். தகுதி பார்த்துப் பரிமாறுவதை அந்தச் சமூகம் தப்பாக நினைக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து இளைய பிளினி எழுதிய கடிதம் ஒன்றில், தான் போன ஒரு விருந்தில் திராட்சரசத்தையே மூன்று தரமாக வைத்திருந்ததைச் சொல்கிறார்: வீட்டுக்காரருக்கும் முக்கிய விருந்தாளிகளுக்கும் ஒன்று, சாதாரண நண்பர்களுக்கு ஒன்று, விடுதலை பெற்ற அடிமைகளுக்கு இன்னொன்று. பிளினிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எழுந்து போனதாகவும் தெரியவில்லை.

இந்த வழக்கம் கர்த்தருடைய பந்திக்குள்ளும் வந்துவிட்டது. நேரமும் வசதியும் உள்ளவர்கள் முன்னதாகச் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். எஜமான் வீட்டு வேலை முடித்து வருகிற அடிமைக்கும் கூலிக்காரனுக்கும் பாத்திரத்தில் மிச்சமில்லை. ஒருவன் பசியோடு நிற்க இன்னொருவன் வெறித்திருக்கிறான். பந்திக்கு முந்து என்று நாம் வேடிக்கையாகச் சொல்வது அங்கே சபை ஒழுங்காகவே இருந்தது. 11ஆம் அதிகாரத்தில் பவுல் கொதிப்பது இதற்காகத்தான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிற பந்தி கர்த்தருடைய பந்தியே அல்ல என்கிறார். போதாததற்கு வரங்களைப் பற்றிய போட்டி வேறு. அந்நியபாஷை பேசுகிறவர்கள் தங்களை ஒரு படி மேலே வைத்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் பிறகு வருகிறது சரீரம் என்ற உருவகம்.

அதை மெனேனியஸ் கதைக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தால் வேறுபாடு சட்டென்று தெரியும். ரோமர் கதையில் திட்டு வாங்குவது கை. பவுலிடம் திட்டு வாங்குவது கண்ணும் தலையும். நீ எனக்கு வேண்டாம் என்று கையையும் காலையும் பார்த்துச் சொல்ல அவற்றுக்கு உரிமையில்லை. நான் கை இல்லையே, இந்த உடம்பில் எனக்கென்ன இடம் என்று ஒதுங்குகிற காலுக்கு அவர் சொல்வது ஆறுதல். பலவீனமாகத் தெரிகிற அவயவம் இல்லாமல் முடியாது, மதிப்புக் குறைந்ததாக நினைக்கிற அவயவத்தைத்தான் நாம் அதிகமாகப் போர்த்தி மரியாதை செய்கிறோம், தேவனே அப்படி அமைத்தார் என்று எழுதுகிறார். மெனேனியஸின் கணக்கில் சோறு வயிற்றுக்குப் போகும். பவுலின் கணக்கில் முற்றத்தில் நிற்கிறவனுக்கு முதல் பந்தி. இந்த அதிகாரத்தில் தலைகூட ஒரு சாதாரண அவயவம்தான். எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதிய நிருபங்களில் கிறிஸ்துவே தலை. ஆக, சபைக்குள் மனுஷர் யாருக்கும் தலை என்ற பதவி காலியாக இல்லை.

அமெரிக்க வேதாகம அறிஞர் பால் மினியர் 1960இல் வெளியிட்ட நூலில், புதிய ஏற்பாட்டில் சபைக்கு, சரீரம் உட்பட, 96 உருவகங்கள் இருப்பதாகக் கணக்கிட்டார். மந்தை, மணவாட்டி, ஜீவனுள்ள கற்கள், பண்ணை, குத்துவிளக்கு என்று பட்டியல் நீள்கிறது. பலவற்றில் தனி ஆளுக்கு இடமில்லை. செடியைவிட்டுப் பிரிந்த திராட்சக்கொடி அடுப்புக்குத்தான் போகும். ரோமர் 11இல் வரும் ஒலிவமரம் இன்னும் கறாரானது. ஒட்டுப்போட்ட காட்டுக்கிளை, வெட்டுண்ட கிளைகளைப் பார்த்துப் பெருமையடிக்கக் கூடாது. வேர்தான் கிளையைச் சுமக்கிறது. 

நம் பக்கத்துச் சபைகளுக்குப் பவுலின் இந்தக் கண்டிப்பு தூரத்துச் செய்தியல்ல. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தம் பொறுப்பிலிருந்த சபைகளில் சாதி வேறுபாட்டை விட்டுவிட வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். தனித்தனியாக உட்காருவதும், நற்கருணைப் பாத்திரத்தில் யார் முதலில் பருகுவது என்பதும்தான் பிரச்சினை. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் இதை ஏற்காமல் விலகிப் போனார்கள். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தை 1872இல் கட்டியபோது, மேல்சாதியார் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம் என்று இரண்டு நீண்ட மண்டபங்கள் பீடத்தண்டை வந்து சேரும்படி அமைத்தார்கள். 1910இல் அந்தப் பிரிப்பு எடுக்கப்பட்டபோது மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கேட்ட உரிமையைத் தர மறுத்தது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதி பிரிக்கும் சுவர் இன்றும் நிற்கிறது.

இன்று 12ஆம் அதிகாரத்தை அதன் முதல் வசனத்திலிருந்து தொடங்காதீர்கள்; 11:17க்குப் போய் அங்கிருந்து நிறுத்தாமல் வாசியுங்கள். உங்கள் சபையில் எல்லாருக்கும் பிறகு சாப்பிடுகிறவர் யார், அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த அசன விருந்தில் அவர் வந்து உட்காரும்வரை இலையில் கை வைக்காதீர்கள்.