தாகத்துக்கு இல்லை, சும்மாதான்

ஒரு மே மாசம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போயிருந்தேன். அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயசு. மூணு நாள் இருந்தோம். ஊர் திரும்பின அன்று சாயங்காலம் இயக்கத் தோழர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். என் பிள்ளை வயசுதான் இருக்கும். நான் மலையில் இருந்த அதே மூணு நாளில் பக்கத்து வட்டத்தில் ஒரு காலனியை அடித்து நொறுக்கியிருந்தார்கள். உண்மை அறியும் குழு போய் வந்துவிட்டது. நான் போயிருக்க வேண்டிய குழு. "சனங்க கூரை இல்லாம வெயில்ல கெடக்குது. நீங்க ஏரியில போட்ல போய்க்கிட்டிருந்தீங்களா தோழர்?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் சுட்டது.

அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் கேட்டது என் ஒருத்தனை மட்டும் பற்றியது இல்லை. ஒடுக்கப்பட்டவனுக்கு சந்தோஷமாக இருக்க உரிமை உண்டா? உண்டு என்றால் எப்போது? விடுதலைக்குப் பிறகா, அதற்கு முன்னாலா? பக்கத்துக் காலனியில் வீடு எரியும்போது ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பது துரோகமா? இதை நாம் நேராகப் பேசினதே இல்லை. தொண்ணூறுகளில் நம் பத்திரிகைகளில் கலகம், கொண்டாட்டம் என்று நிறைய எழுதினோம். பறையைப் பற்றி, மாட்டுக்கறியைப் பற்றி எழுதினோம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அங்கேயும் சந்தோஷத்துக்கு ஒரு வேலை கொடுத்துதான் உள்ளே விட்டோம். அது எதிர்ப்பாக இருக்கணும், அடையாளமாக இருக்கணும். சும்மா ஒருத்தன் தண்ணீரில் கால் நனைக்கிறதுக்கு நம் பக்கங்களில் இடம் இருக்கவில்லை.

இந்த 'சும்மா' எனக்குப் பழைய சொல். அதற்கு நான் அபராதம் கட்டியிருக்கிறேன்.

1972. எனக்குப் பன்னிரண்டு வயசு. தென்னார்க்காட்டுப் பக்கம் எங்கள் ஊர். கோடை விடுமுறை என்கிற வார்த்தை பள்ளிக்கூடத்தோடு சரி. காலனியில் அது மல்லாட்டை ஆயற காலம், ஆண்டை வீட்டு மாடு மேய்க்கிற காலம். ஆனாலும் எங்களுக்கும் கோடை இருந்தது. நுங்குக் கோந்தையில் வண்டி செய்து ஓட்டுவோம். கல்லெறிந்து மாங்காய் அடிப்போம். மழைக்காலத்தில் எருமை வாலைப் பிடித்து ஏரியில் நீச்சல் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். சித்திரை பிறந்தால் அந்த ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துவிடும். அப்புறம் தண்ணீர் என்றால் ஊர்க்காரர் கிணறுகள்தான். அதில் ஒண்ணு பெரிய கிணறு. மத்தியானமானால் ஊர்ப் பையன்கள் மோட்டார் கொட்டாய் மேலே ஏறித் 'தொம்' தொம்மென்று குதிப்பார்கள். நாங்கள் மாட்டைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்று கேட்போம். ஆமாம், கேட்போம். கிட்டே போய்ப் பார்க்க முடியாது, சத்தம்தான் வரும்.

ஒரு நாள் உச்சி வெயிலில் கிணற்றில் யாரும் இல்லை. நானும் என் மாமன் மகனும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். குதித்துவிட்டோம். பத்து நிமிஷம் இருந்திருப்போம். ஏறும்போது மேலே ஆள் நின்றிருந்தது.

சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் அப்பா துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். பெரியவர் ஒருத்தர் என்னைக் கேட்டார்: "ஏன்டா, தாகமா இருந்தா கேட்டா ஊத்த மாட்டமா? எத்தினி நாளு ஊத்தியிருக்கோம்?" அது உண்மைதான். ஊற்றியிருக்கிறார்கள். கையை ஏந்தினால் மேலேயிருந்து, பட்டுவிடாமல் ஊற்றுவார்கள். அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு வழியும் விட்டிருந்தார். அப்பா மெதுவாக, "தாகம்னு சொல்றா" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "தாகம் இல்ல ஆண்ட. சும்மாதான் குளிச்சோம்" என்றேன்.

அம்பது ரூபாய் அபராதம். அப்பாவுக்கு அப்போது ஒரு நாள் கூலி மூணு ரூபாய். தீட்டுக் கழிக்க ரெண்டு நாள் மோட்டார் ஓட்டிக் கிணற்றை இறைத்தார்கள். இறைத்த தண்ணீர் அவர்கள் கரும்புக்குத்தான் பாய்ந்தது. கரும்புக்குத் தீட்டு இல்லை. அன்று ராத்திரி அப்பா என்னை அடிக்கவில்லை. "தாகம்னு சொல்லியிருந்தா பத்து ரூபாயோட போயிருக்கும்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த நாற்பது ரூபாய் எதற்கு என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். தாகம் என்பது தேவை. தேவைக்கு இரக்கம் காட்டலாம். மேலே நிற்கிறவன் கீழே நிற்கிறவனுக்கு ஊற்றலாம், ஊற்றின பிறகும் மேலேயே நிற்கலாம். ஆனால் குளியலை ஊற்ற முடியாது. அதற்கு ஒரே தண்ணீருக்குள் ரெண்டு பேரும் இறங்கணும். சாதி இந்து மனசு நம் பசியைத் தாங்கிக்கொள்ளும், பசிக்குக் கூழும் கொடுக்கும். காரணமே இல்லாமல் நாம் சிரிப்பதைத்தான் அதால் தாங்க முடியாது. அது தனியார் கிணறுதானே என்று சட்டம் பேசுகிறவர்கள் உண்டு. ஊர்ப் பையன்கள் அத்தனை பேருக்கும் அது பொதுக் கிணறாகத்தான் இருந்தது.

பொதுக் கிணற்றுக்கும் குளத்துக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1924ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிட்டது, காகிதத்தில். அதே 1924ல் மகாத் நகரசபையும் தன் குளத்தைத் திறந்துவிடத் தீர்மானம் போட்டது. மூணு வருஷம் ஒருத்தரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20ஆம் தேதி அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான சனங்களோடு போய் அந்தச் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அடியும் உதையும் விழுந்தது. பால், தயிர், சாணி, மாட்டு மூத்திரம் கலந்து நூற்றெட்டுக் குடம் ஊற்றிக் குளத்தைச் சுத்தம் செய்தார்கள். அந்த வழக்கு 1937ல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிந்தது. இந்தத் தண்ணீர் இல்லாமல் நாம் செத்துப்போகவில்லை, நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டத்தான் வந்தோம் என்ற பொருளில் அண்ணல் பேசினார். தாகத்துக்கு வந்தோம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை ஊற்றியிருப்பார்கள்.

நம் ஊர் மட்டும் இப்படி இல்லை. 1972ல் பம்பாயில் தலித் பேந்தர்கள் கறுப்பர்களின் பெயரை எடுத்துக்கொண்டது சும்மா இல்லை. சிகாகோ நகரத்துக்குப் பக்கத்தில் மிச்சிகன் ஏரி, கடல் மாதிரி. 1919 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை, கடும் வெக்கை. யூஜின் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயசுக் கறுப்புப் பையன் கூட்டாளிகளோடு தெப்பம் கட்டி மிதந்துகொண்டிருந்தான். கரையில் கறுப்பர் இடம், வெள்ளையர் இடம் என்று எழுதாத கோடு ஒன்று உண்டு. தண்ணீருக்கு அது தெரியுமா? தெப்பம் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. கரையிலிருந்து ஒரு வெள்ளையன் கல்லெறிந்தான். பையன் மூழ்கிச் செத்தான். அங்கிருந்த போலீஸ்காரன் கல்லெறிந்தவனைப் பிடிக்க மறுத்துவிட்டான். அதிலிருந்து மூண்ட கலவரத்தில் முப்பத்தெட்டு பேர் செத்தார்கள், அதில் இருபத்துமூன்று பேர் கறுப்பர்கள். அவனும் ஏரிக்குத் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. பின்னால் அலபாமாவில் மாண்ட்கோமரி நகரத்துப் பூங்காக்களில் கறுப்பர்களையும் விடணும் என்று வழக்குப் போட்டபோது, 1959ல் எல்லாப் பூங்காக்களையும் மூடிவிட்டார்கள். நீச்சல் குளத்தை மண் போட்டு நிரப்பினார்கள். படித்தபோது எனக்கு எங்கள் ஊர் மோட்டார் சத்தம் கேட்டது.

கொடியங்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 ஆகஸ்ட் 31ஆம் தேதி போலீஸ் அந்த ஊருக்குள் புகுந்து எதை உடைத்தது? டி.வி., மின்விசிறி, தையல் மிஷின், சைக்கிள். வெளிநாட்டு உழைப்பில் கொஞ்சம் நிமிர்ந்த ஊர் அது. கூழ் குடிக்கிற சட்டி மட்டும் இருந்திருந்தால் அவ்வளவு ஆத்திரம் வந்திருக்குமா? நம் வீட்டில் காத்தாடி சுற்றுவதும், ராத்திரி நாம் உட்கார்ந்து படம் பார்ப்பதும் அவர்களுக்கு நாம் பண்ணுகிற கலவரமாகத் தெரிகிறது.

இவ்வளவும் சொல்லி என் கொடைக்கானல் பயணத்தை நான் நியாயப்படுத்திவிட்டேனா? இல்லை தோழர்களே. ரெண்டு விஷயம் இன்னும் பாக்கி இருக்கு. ரெண்டும் நமக்கு உள்ளேயே இருக்கிறவை.

ஒண்ணு, வீட்டுக்குள்ளே. கோடையில் எங்கள் பக்கம் டூரிங் டாக்கீஸ் வரும். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடு கட்டி உட்காருவோம். விளக்கு அணைந்தால் மனுசன். இடைவேளைக்கு விளக்கு போட்டால் பறையன், பக்கத்தில் இருக்கிறவன் யார் என்று பார்த்து நகர்ந்து உட்காருவான். அந்த இருட்டுக்காகவே நான் எத்தனையோ படம் பார்த்தேன். ஆனால் அம்மா எப்போது வந்தாலும் இடைவேளையோடு எழுந்து போய்விடும். விடியக்காலை நாலு மணிக்கு நடவுக்குப் போகணும். அதற்கு முன்னால் சோறு ஆக்கி வைக்கணும். மீதிக் கதையை மறுநாள் நான் சொல்லணும். அம்மா தன் வயசுக்கும் பாதிப் படம் பார்த்த மனுஷி. அந்த மீதிப் பாதியைப் பிடுங்கினது ஊர்க்காரன் மட்டும் இல்லை. நானும் அப்பாவும் முழுப் படம் பார்த்துவிட்டு வந்து, அம்மா ஆக்கி வைத்த சோற்றைத்தான் தின்றோம்.

ரெண்டாவது, மலையிலே. கொடைக்கானல் ஏரி தானாக உண்டானது இல்லை. 1863ல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்கார அதிகாரி அணை கட்டி உண்டாக்கினது. மெட்ராஸ் மாகாண அரசே கோடைக்கு ஊட்டிக்குப் போய் உட்கார்ந்த காலம் உண்டு. துரைமாரின் குளிர்ச்சிக்குச் சுமை தூக்கினவன் கூலிக்காரன். இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை. நாங்கள் தங்கின லாட்ஜில் அடைப்பு எடுக்க ஒரு பையன் வந்தான். இருபது வயசு இருக்கும். அருந்ததியர் தெரு என்று சொன்னான். "தம்பி, நீ ஏரியில போட்ல போயிருக்கியா?" என்று கேட்டேன். "இல்ல சார், சீசன்ல எங்களுக்கு லீவு கிடையாது" என்றான். என் கோடை அவனுக்கு வேலை. கிணற்று மேட்டில் நின்றிருந்த ஆள் ஞாபகம் வந்தது. இப்போது அந்த மேட்டில் நான் நின்றிருந்தேன்.

அதனால் நான் புரிந்துகொண்டது இதுதான். சந்தோஷம் போராட்டத்துக்குப் பிறகு கிடைக்கிற கூலி இல்லை. பறிக்கப்பட்டதில் அதுவும் ஒண்ணு, நிலம் மாதிரி, தண்ணீர் மாதிரி. அதைத் தள்ளிப்போட்டால், நமக்குத் தேவை மட்டும் போதும் என்று சாதி சொல்வதை நாமே ஒத்துக்கொள்கிறோம். அதே சமயம், என் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் அது உரிமை ஆகாது. சலுகை ஆகிவிடும். அந்தப் பையனுக்கும் அம்மாவுக்கும் இல்லாத கோடை எனக்கு எப்படி உரிமை ஆகும்?

தோழர் வந்துபோன மறுநாள் அவரோடு அந்தக் காலனிக்குப் போனேன். உடைந்த ஓட்டைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "முந்தாநாளு எல்லாரும் வந்தாங்க, நீங்க வரலியே சார்?" என்றது. மறைக்காமல் சொன்னேன். திட்டும் என்று நினைத்தேன். "அங்க ரொம்பக் குளிரா சார்? ஏரி பெருசா?" என்று கேட்டது. சொன்னேன். அம்மா போட்டில் ஏறினதையும் சொன்னேன். ஓட்டினவர் பாதியில் திருப்பப் பார்த்தபோது, "முழுசா ஒரு சுத்து வந்துட்டுத்தான் எறங்குவேன்" என்று அம்மா பிடிவாதம் பிடித்ததையும், கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே வந்ததையும் சொன்னேன். அந்த அம்மா சிரித்தது. "அடுத்த வருஷம் எங்க புள்ளைங்கள இட்டுக்கினு போங்க சார். இங்க பயந்து கெடக்குதுங்க" என்றது. பக்கத்தில் நின்ற தோழர் ஒண்ணும் பேசவில்லை.

அடுத்த மே மாசம் ஒரு வேன் பிடித்தோம். வசூலுக்கு அலைந்தது அந்தத் தோழர்தான். போன இடமெல்லாம் ஒரே பேச்சு: "நோட்டுப் புத்தகம்னா தரோம், அரிசின்னா தரோம். டூருக்கா?" நல்லவர்கள்தான், நமக்கு ஆதரவானவர்கள்தான். அவர் அலுத்துப்போய் ரசீதில் 'கல்விச் சுற்றுலா' என்று எழுத ஆரம்பித்தார். பணமும் வந்தது. ஒரு ராத்திரி ரசீதுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். "பொய் எழுதறேன் தோழர்" என்றார். தாகம்னு சொல்றா என்று அப்பா சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அந்தக் கதையை அவருக்குச் சொன்னேன்.

மறுநாளிலிருந்து ரசீதில் 'கோடை விடுமுறை' என்று எழுதினார். வசூல் பாதியாகக் குறைந்தது. மீதியைக் கடன் வாங்கிப் போட்டோம். பதினாறு பிள்ளைகள் போய் வந்தார்கள்.